உஷ் அக்கா ஊதிய விசில்

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளுடைய பட்டப்பெயரைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கடற்கரையில் யாரிடம் விசாரித்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். கயாக் படகுகளை வாடகைக்கு விடுகிறாள். ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒல்லிப் படகு. அதில் ஏறுகிறவர்கள் வாயைத் திறந்தால் போதும், “உஷ்” என்று ஓர் அதட்டல் வரும். பெரிய மனிதர், புதுமணத் தம்பதி, சிரித்துக்கொண்டே வருகிற கல்லூரிக் கும்பல் என்ற பாகுபாடெல்லாம் அவளிடம் கிடையாது. அந்த ‘உஷ்’தான் இந்தக் கடற்கரையிலேயே பெரிய சத்தம் என்பது என் அண்ணனின் ஜோக். அரதப் பழசு. ஆனாலும் உண்மை.

சத்தமாக ‘உஷ்’ சொல்கிறாளே என்று சிரிக்கிறவர்களுக்கு அவள் காதின் கதை தெரியாது. நானும் அவளும் ஒரே நெசவாலையில் வேலை பார்த்தவர்கள். தறிகள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வோம், மற்றதெல்லாம் கைஜாடைதான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால் ‘தறியை நிறுத்து’ என்று அர்த்தம். வயிற்றைத் தட்டினால் ‘சாப்பிடப் போகலாம்’. மேஸ்திரி வருகிறார் என்பதற்கும் ஒரு ஜாடை உண்டு, அதை இங்கே எழுத முடியாது. நான் கொஞ்ச காலத்திலேயே தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவந்துவிட்டேன். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். வெளியே வந்தபோது காது பாதி போயிருந்தது. கனமான சத்தம் கேட்கும். கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது. அழைப்பு மணி கேட்காது, போன் மணி கேட்காது. ஆனால் தலைக்குள் மட்டும் ஒரு தறி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பாள்.

அவளை என் அண்ணனுக்குப் பார்த்துக் கட்டிவைத்தது நான்தான். அந்தப் புண்ணியத்துக்கு இன்றுவரை இரண்டு பேரிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் அண்ணன் பிழைப்பு வாட்டர் ஸ்கூட்டர். கடலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுபோல உட்கார்ந்து சீறிக்கொண்டு போகிற வண்டி. உலகத்தில் சத்தமே ஆகாத ஒருத்தியை, உலகத்திலேயே அதிக இரைச்சல் போடுகிற தொழில் செய்கிறவனுக்குக் கட்டிவைத்த என் புத்தியை என்ன சொல்ல? ஒரே தகரக் கொட்டகைதான். நடுவில் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெட்ரோல் வாடை, கிரீஸ் டப்பா, கழற்றிப்போட்ட எஞ்சின். அந்தப் பக்கம் உப்பு ஊறிய லைஃப் ஜாக்கெட்டுகள், கொடியில் வரிசையாக. இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிக்கெட் ஜன்னல், அதில் நான். அந்த ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், குடும்ப அரசியல் என்றால் என்னவென்று.

சண்டையில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். உதடு தெரியாவிட்டால் அவளுக்குப் பேச்சு புரியாது. அண்ணன் அந்தப் பக்கம் சுற்றிப் போய் நின்று பதில் சொல்லப் பார்ப்பான். அவள் இந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். ஒரு தடவை இப்படியே இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இத்தனை சண்டைக்கும் காரணம் ஒரு மணல்திட்டு.

கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். அலையில்லாத நாளில் கடல் கொஞ்சம் முதுகைக் காட்டுவதுபோல இருக்கும், அவ்வளவுதான். அதன் ஒரு பக்கம் ஆழமான நீர்வழி. அண்ணனின் வண்டிகள் அது வழியாகத்தான் திறந்த கடலுக்குப் போகும். இன்னொரு பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர். எஞ்சின் வைத்த எதுவும் அங்கே போக முடியாது, மணலை உறிஞ்சி நின்றுவிடும். கயாக் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தத் திட்டில்தான் வெயில் காலத்தில் ஆலாப் பறவைகள் முட்டை வைக்கின்றன. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, வீசினால் வெட்டிவிடும்போல மெல்லிய இறக்கை. கூடு கட்டுகிற வேலையெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. நெஞ்சால் மணலைத் தேய்த்து ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டை. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று நாம் நினைப்போம். அந்தக் கொதிக்கிற மணலில் கதையே வேறு. தாயும் தகப்பனும் மாறி மாறி உட்கார்ந்து முட்டைக்கு நிழல் கொடுக்கின்றன. நிழல் போனால் முட்டை அங்கேயே வெந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணி தினமும் சொல்லுவாள், அதனால் தெரியும். படகு எடுத்தவர்களைத் திட்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்தி, அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொல்லுவாள். “தாய்ப் பறவை எழுந்திரிச்சா முட்டை வெந்துடும். அதனால யாரும் மூச்சு விடக்கூடாது. உஷ்.” அப்போது தலைக்கு மேலே ஆலாக்கள் கூட்டமாக எழும்பி வட்டமடிக்கும். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பாள். “பாருங்க, நம்மள வரவேற்குது.” கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். பலருக்குக் கண் கலங்கிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு அது வியாபாரம் மட்டுமில்லை. கல்யாணமான புதிதில், ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பாள். தலைக்குள் தறி. ஒரு நாள் அண்ணன் தன் பழைய கயாக் ஒன்றைத் தள்ளிக் கொடுத்து, சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வா என்று அனுப்பினான். திட்டுப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். கரை ஏறியதும் என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“அங்க போனா நிக்குதுடி. தறி நிக்குது.”

அப்புறம் அந்த ஒரு படகு ஒரு வரிசைப் படகாயிற்று. ஆலாக்கள் வரும் பருவம் நெருங்கினால் அவள் இருப்புக்கொள்ளாமல் தவிப்பாள். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஜன்னலில் வந்து என் தலையைத் தள்ளிவிட்டுப் பார்ப்பாள்.

ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் திட்டில் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை. முட்டைகள் இருந்தன. சிலவற்றில் குஞ்சுகூடப் பொரித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பறவைகள் கிளம்பிப்போன பிறகு அண்ணி திட்டில் இறங்கி நடந்து பார்த்தாள். பொரிக்காத முட்டைகள் குழிகளில் அப்படியே கிடந்தன. ஓட்டை போட்டுக் குடித்த முட்டைகளும் கிடந்தன, அது கடற்காகத்தின் வேலை. திரும்பி வந்து படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். அழுகிற ஆள் இல்லை அவள். ஆலையில் விரல் நுனி நசுங்கியபோதுகூட அழவில்லை.

அழுது முடித்ததும் எழுந்து நேராகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள்.

“உங்க வண்டிதான்,” என்றாள் அண்ணனிடம். “அந்த இரைச்சல்ல எது உக்காந்து முட்டைய காப்பாத்தும்? மனுஷ காதே போகுது.”

சத்தம்தான் உலகத்தில் சகல கெடுதலுக்கும் காரணம் என்பது அவள் கட்சி. அவளைப் பொறுத்தவரை அதில் தப்பும் இல்லை. சத்தம் அவள் காதைத் தின்றது. சத்தம் அவள் தூக்கத்தைத் தின்றது. ஆலாக் குஞ்சை மட்டும் விட்டுவைக்குமா?

இந்த வருஷம் முட்டை வைக்க ஆரம்பித்ததுமே அவள் கடற்கரை அலுவலகத்துக்குப் போய் மேலாளரைப் பிடித்துவிட்டாள். குஞ்சுகள் பறக்கும்வரை வாட்டர் ஸ்கூட்டர்களை மொத்தமாக நிறுத்த வேண்டும் என்று கேட்டாள். மேலாளர் நல்ல மனிதர். எதையும் நேராக மறுக்கத் தெரியாதவர். வாரக் கடைசியில் கடற்கரையில் தொழில் செய்கிற எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்யலாம் என்றார். விஷயம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

“வீட்டு விஷயத்த ஆபீஸ் வரைக்கும் கொண்டு போயிட்டியா?”

“இது வீட்டு விஷயம் இல்ல.”

“நான் திட்டுப் பக்கமே போறதில்ல. நீர்வழியில போறேன், வர்றேன். உன் படகு போறப்பதான் அதுங்க எழும்புது. அதப் பாரு முதல்ல.”

“வரவேற்கிறதுக்கும் மிரள்றதுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கிட்ட என்ன பேச்சு?” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை அவன் சுற்றிப் போகவில்லை. சுற்றிச் சுற்றி வருகிற சண்டை பரவாயில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிற சண்டை குடும்பத்தைக் குலைத்துவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில், ஈரமான சரிவில் படகை இறக்கும்போது அண்ணிக்குக் கணுக்கால் பிசகியது. வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றால் கேட்கிற ஜென்மமா?

“நீ கூட்டிட்டுப் போ,” என்றாள் என்னிடம். “நான் சொல்றதெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே.”

“ஜன்னல யாரு பாக்கறது?”

“உங்கண்ணன் பாக்கட்டும். அவருக்கும் வேணும் அது.”

“நீங்க என்ன பண்ணப் போறீங்க அண்ணி?”

லைஃப்கார்டு கோபுரத்தைக் காட்டினாள். அங்கே ஏறி உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கப் போகிறாளாம். ஸ்கூட்டர் போகும்போது ஆலாக்கள் என்ன பாடு படுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நாளைக் கூட்டத்தில் அப்படியே எடுத்துச் சொல்லலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆக, கால் வீங்கிய நாளிலும் புருஷனுக்கு எதிராகச் சாட்சி தேடத்தான் ஆலாய்ப் பறந்தாள்.

கோபுரம் என்றால் மரக்கால்களின் மேல் ஒரு மேடை, அதற்கு ஒரு கூரை. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே இருந்த லைஃப்கார்டு கடலுக்குள் முங்கிய எத்தனையோ பேரைத் தூக்கியவர், அண்ணியைக் கண்டால் மட்டும் பயப்படுவார். எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டார். அவரது பைனாகுலரையும் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு மேலே நடந்ததை லைஃப்கார்டு எனக்குச் சொன்னார். முதலில் அண்ணனின் வண்டிகள் போயின. ஒன்றன்பின் ஒன்றாக, நீர்வழியில், சீறிக்கொண்டு. அண்ணி பைனாகுலரைக் கண்ணில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். திட்டில் உட்கார்ந்திருந்த ஆலாக்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஓரத்தில் இருந்தவை கொஞ்சம் எழும்பின. வண்டிகள் தாண்டிப் போனதும் திரும்ப உட்கார்ந்துவிட்டன. அவ்வளவுதான். இன்னொரு முறை வண்டிகள் வந்தன, போயின. அப்போதும் அவ்வளவுதான்.

“கண்ணாடி சரியில்ல,” என்றாளாம் அண்ணி. துடைத்துக் கொடுத்தாராம்.

அந்த நேரத்தில்தான் நான் என் படகுக் கூட்டத்தோடு முழங்கால் தண்ணீர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். யாரும் பேசவில்லை. துடுப்பில் சொட்டுகிற தண்ணீர்கூடச் சத்தம் போடவில்லை. அண்ணி கற்றுக்கொடுத்தபடியே எல்லாம் நடந்தது. திட்டுக்கு வெகு அருகில் போய் துடுப்பை ஊன்றினேன். எல்லார் படகையும் என்னைச் சுற்றி நிறுத்தவைத்தேன்.

கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும். திட்டின் விளிம்பு தெரியும், அதற்கு மேலே வானம் தெரியும். நடுவில் மணல்மேல் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆலாக்கள் மேலே எழுந்து வட்டமடித்தன. கீச்கீச்சென்று ஒரே கத்தல். நான் அண்ணி மாதிரியே அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தாய்ப் பறவை எழுந்திரிச்சா முட்டை வெந்துடும். அதனால...”

விசில் சத்தம் கேட்டது.

லைஃப்கார்டு யாரையோ அதட்டுகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை அது. மூச்சு விடாமல், தாறுமாறாக, ஊதுகிறவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்கிறமாதிரி. கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன். கோபுரத்தின் விளிம்பில் அண்ணி. வீங்கின காலோடு எழுந்து நின்றிருந்தாள். வாயில் லைஃப்கார்டின் விசில். இரண்டு கைகளும் தலைக்கு மேலே, குறுக்காக.

தறியை நிறுத்து.

எத்தனை வருஷம் ஆனாலும் உடம்பு அதை மறக்காது. துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, எல்லாரையும் திருப்பு திருப்பு என்று விரட்டிக் கரைக்குக் கொண்டுவந்தேன். அவள் ஊதுவதை நிறுத்தவே இல்லை. பாவம், அந்த விசில் அவளுக்குக் கேட்காது. ஊதுகிறதா இல்லையா என்று தெரியாமல் அடிவயிற்றிலிருந்து ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் லைஃப்கார்டுதான் அவள் தோளைத் தொட்டு, போதும் அக்கா, வந்துட்டாங்க என்று உதட்டை அசைத்துக் காட்டியிருக்கிறார்.

அவள் பார்த்தது இதுதான். நாங்கள் மெதுவாக நெருங்க நெருங்க, ஒரு பறவை, பத்துப் பறவை, அப்புறம் மொத்தத் திட்டும் எழுந்துவிட்டது. மணலில் ஒன்றுகூட இல்லை. முட்டைகளெல்லாம் உச்சி வெயிலில் திறந்து கிடந்தன. நாங்கள் நகர்வதாக இல்லை. படம் எடுத்துக்கொண்டு, கண் கலங்கிக்கொண்டு, அங்கேயே நின்றோம். அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவைபோல அந்தப் பக்கத்திலிருந்து கடற்காகங்கள் இறங்கி, குழி குழியாக நடந்து போய்க் கொத்தின. கயாக்கிலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை. வானத்தில் பறந்தது தெரிந்தது. தரை காலியானது தெரியவில்லை.

நான் கோபுரத்தில் ஏறியபோது அவள் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

“அதுங்க கத்துமாடி?” என்றாள். “நாம போறப்ப?”

“கத்தும் அண்ணி.”

“எப்படிக் கத்தும்?”

கத்தும் என்பது எனக்குத் தெரியும். பறவை கத்துவது ஓர் அதிசயமா என்று விட்டிருந்தேன். இப்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயந்து கத்தறமாதிரிதான் இருக்கும்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தாள். கோபுரத்துக்குச் சுவர் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான்.

அன்று வீட்டில் அண்ணன் அவள் காலுக்கு ஐஸ் பையைக் கட்டிவிட்டான். ஏன் விசில் ஊதினாய் என்று கேட்கவில்லை. கரையில் எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். அவள் பார்வை அவன் உதட்டிலேயே இருந்தது. ஏதாவது சொல்வான், கேட்டுக்கொள்வோம் என்று காத்திருந்தாள். அவன் கட்டை இறுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

எனக்குத்தான் தூக்கமில்லை. கமுக்கமாக இருந்துவிடலாமே என்று ஓர் எண்ணம் வந்தது எனக்கு. கூட்டத்தில் ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் பேசட்டும். கயாக்கைத் திட்டிலிருந்து சத்தமில்லாமல் நாமே தள்ளி ஓட்டிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது? விடிந்ததும் அதை அண்ணியிடம் சொல்லியும் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

கூட்டம் கடற்கரை அலுவலகத்தின் பின்கட்டில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓயாமல் தலையாட்டுகிற ஒரு மின்விசிறி. காற்றடைத்த பலூன் சறுக்குமரம் வைத்திருப்பவர்கள், நீச்சல் சொல்லித்தருபவர், ஐஸ்கிரீம் கடைக்காரர், லைஃப்கார்டு எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் நடுவில். எனக்கு எப்போதும் அந்த இடம்தான்.

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காது சரியில்லாதவர்கள் பேசுகிற அதே பெரிய குரல்.

“ஸ்கூட்டர நிறுத்தணும்னு கேட்டேன். அது தப்பு. முதல்ல என் படகுதான் நிக்கணும்.”

மேலாளர் குழம்பிப்போனார். “உங்க படகுல சத்தமே இல்லையேம்மா.”

“அதான் சார் விஷயம். அவர் வண்டி வர்றது அதுங்களுக்குத் தூரத்துலயே தெரியுது. வருது, போகுது. நாங்க மெதுவா வர்றோம், ரொம்பக் கிட்ட வர்றோம், வந்து நிக்கறோம். நிழல் குடுக்கற பறவைய எழுப்பி விட்டுட்டு, நிழல பத்திப் பேசிட்டு இருக்கோம். இத்தனை வருஷமா நான் அத வரவேற்புன்னு சொல்லி டிக்கெட் குடுத்தேன்.”

ஐஸ்கிரீம் கடைக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆழமில்லாத பக்கம் முழுசா கயிறு கட்டி மூடுங்க. குஞ்சு பறக்கற வரைக்கும் என் படகு அங்க வராது. வேற யார் படகும் வரக்கூடாது.” அப்புறம் கடைசி வரிசையைப் பார்த்தாள். “அவர் வண்டி நீர்வழியில போகட்டும். நான் அவர்மேல சொன்னது அபாண்டம்.”

எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். ஜெயித்தவன் மாதிரியே இல்லை. தோற்றவன்கூட அப்படி நிற்கமாட்டான். தான் பேசுவது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வரிசைகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

“என் வண்டியில வர்ற பசங்க சிலபேர் திட்டுப் பக்கம் ஒடிச்சு ஓட்டறாங்க. அலை மணல்ல ஏறுது. ஓரத்துல இருக்கற முட்டை நனையுது. நானும் பாத்திருக்கேன். நீர்வழியில திட்டுக்கு எதிர்க்கரைய ஒட்டித்தான் இனி வண்டி போகும். திட்டோட இந்தப் பக்கமும் ஒரு கயிறு கட்டுங்க.”

மேலாளருக்கு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. யாரையும் மறுக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

“அன்னைக்கே சொன்னீங்க, என் படகு போனாதான் எழும்புதுன்னு. தெரிஞ்சா சொன்னீங்க?”

அவன் யோசித்தான். “இல்ல. கோவத்துல வாய்க்கு வந்தத சொன்னேன்.”

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன். நான் அவர்களை முன்னால் போகவிட்டுக் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டேன்.

கயிறு கட்டியாயிற்று. கயாக்குகள் இப்போது பாறைப் பக்கம் போகின்றன. அங்கே நண்டும் பாசியும்தான், கூட்டம் பாதிகூட இல்லை. பறவை எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அண்ணி கரையிலிருந்தே திட்டைக் காட்டுவாள். “அதோ. இங்கிருந்தே பாருங்க.” புள்ளிதானே தெரிகிறது என்பார்கள். “புள்ளியா இருந்தாத்தான் அது உயிரோட இருக்கும்” என்பாள்.

அவள் அதன் பிறகு திட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் கேட்டேன், தறி எப்படி இருக்கிறது என்று. “ஓடுது,” என்றாள் ஜாக்கெட்டை உதறிக்கொண்டே. “ஓடட்டும். எனக்காக அதுங்க எழுந்திரிக்க வேண்டாம்.” தினமும் சாயங்காலம் கோபுரத்தில் ஏறி உட்காருவாள். லைஃப்கார்டு இப்போதெல்லாம் அவளுக்கென்று இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

பருவம் முடிகிற சமயம். ஒரு சாயங்காலம் நானும் மேலே இருந்தேன். திட்டு முழுக்க ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. அண்ணியின் கை விசிலுக்குப் பாய்ந்தது. நான் அவசரமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தேன். படகு இல்லை. வண்டி இல்லை. கடற்காகம்கூட இல்லை.

“கத்துதாடி?” என்றாள். முகம் வெளுத்திருந்தது.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அலைச் சத்தம். கீழே அண்ணன் வண்டிகளைச் சங்கிலி மாட்டிக் கையாலேயே கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான், அந்தச் சங்கிலிச் சத்தம்.

“இல்ல அண்ணி. ஒண்ணுகூடக் கத்தல.”

அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தால் எதைப் பார்ப்பது? என் கையில் திணித்தாள்.

“நீ பாரு. எனக்குத் தெரியல.”

பார்த்தேன். வெள்ளைக் கூட்டம் தண்ணீர்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. அதன் கடைசியில், சாம்பல் முதுகோடு, வால் நீளாத சின்னவை. இறக்கையை அடிக்கிற அடி அதிகம், போகிற தூரம் கொஞ்சம். ஒன்று தாழ்ந்தது, தண்ணீரைத் தொடப்போனது, எழுந்துவிட்டது.

“சின்னதுங்க அண்ணி. குஞ்சுங்க. பறக்குதுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய.”

பைனாகுலரை இறக்கித் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷம் காத்திருந்த கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தாதடி,” என்றாள். “சொல்லிட்டே இரு.”